நாலாவது பட்டை

மாறன் என்னை அறைந்தபோது கணினித் திரையில் அந்த வரைபடம் திறந்திருந்தது. நான்கு பட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு வருடம். பட்டையின் உயரம், அந்த வருடம் ஆதிமூலத்தின் கல்குவாரியில் செத்தவர்களின் எண்ணிக்கை. நாலாவது பட்டை 2003. அதில் நான்கு பேர். ஒருத்தி என் மனைவி அருணாதேவி. மாறனுக்கு அக்கா.

திரையில் நாலாவது பட்டை பாதிதான் இருந்தது.

“எங்கடா அவ?” என்றான். வழக்கமாக என்னை மாமா என்பான். “நாலு பேர்னுதானே சொன்னாங்க. இங்க ரெண்டு பேர் ஒசரத்துக்குத்தான இருக்குது. என் அக்கா எங்க?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டாவது அறை விழுந்தது. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. விசைப்பலகையில், ஸ்பேஸ் பார் மேல் ரத்தம் சொட்டியது. சட்டை நுனியால் துடைத்தேன். துடைத்ததில் அது அழுந்தி, திரையில் அடுத்த பக்கம் வந்துவிட்டது. சுவர் பிளந்த ஒரு கிணற்றின் படம்.

“நான் கேட்டுனே இருக்கேன், நீ படம் மாத்தறியா?”

சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். காலண்டர் மாட்டும் ஆணி முதுகில் இறங்கியது. காலண்டர் கீழே விழுந்தது. மெயில் பார்க்க வந்திருந்த வெள்ளைக்கார அம்மாள் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து வெளியே போய்விட்டாள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி இருக்கிறது என் கடை. மூன்று கணினி, ஒரு ஜெராக்ஸ், ஒரு போன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அமைதியைத் தேடி வந்தவர்கள்.

வாசலில் என் மாமியார் சரசு நின்றிருந்தார். மகனைத் தடுக்கவில்லை.

“நல்லா கேளுடா அவர,” என்றார். “நேத்து இங்கயேதான் உக்காந்துனு இருந்தேன். போன்ல இன்னா சொன்னாரு தெரியுமா? ஜாஸ்தியா இருக்குது, கம்மி பண்ணிடுங்கன்னாரு. என் ரெண்டு காதால கேட்டேன். எம் பொண்ணு செத்தது இவருக்கு ஜாஸ்தியா இருக்குதாம்.”

“ஆதிமூலத்துகிட்ட எவ்ளோ வாங்கின?” என்றான் மாறன்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

முந்தின நாள் சென்னையிலிருந்து பலராமன் போன் செய்திருந்தார். குவாரிகளில் நடக்கும் சாவுகளைக் கணக்கெடுக்கும் ஒரு சங்கத்தில் இருப்பவர். ஊருக்காக அவர்தான் இந்தப் படக்காட்சியைக் கணினியில் செய்திருந்தார். புகைப்படங்கள், வரைபடங்கள் எல்லாம் சேர்ந்து கோப்பு பெருத்துவிட்டது. மெயிலில் போகவில்லை. “சுருக்கி அனுப்பட்டுமா தருமன்?” என்று கேட்டார். “ஆமா சார், ஜாஸ்தியா இருக்குது. கம்மி பண்ணிடுங்க,” என்றேன். அப்போது அத்தை, அருணாவின் போட்டோவை லேமினேட் செய்ய வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“அத்தை,” என்றேன். வாயில் ரத்தம் இருந்ததால் வார்த்தை குழறியது. “கம்மி பண்ணச் சொன்னது ஆள இல்ல. வெயிட்ட.”

“இன்னா வெயிட்டு?”

“மல்லாட்டை மூட்டை ஒண்ணு இருக்குது. பெருசா இருக்குது. பஸ்ஸுல ஏத்த மாட்டேன்றான். இன்னா பண்ணுவீங்க?”

அத்தை யோசித்தார். வேர்க்கடலை, விவசாயக் கேள்வி என்பதால் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தார். “ஒடச்சி பருப்பாக்கி எடுத்துனு போவோம்.”

“அதத்தான் சென்னைல அவரு பண்ணாரு. தொலியோட கொஞ்சம் பருப்பும் போயிடுச்சி.”

மாறன் என் சட்டையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது. “அப்படின்னா அக்கா தொலியோட போயிட்டாளா?”

“ஆமாம்.”

“இதுல வந்து சிரிப்பு காட்றியா நீ?”

“சிரிக்கலடா.”

உண்மையில் நான் சிரிக்கவில்லை. அருணா போன பிறகு நான் அழவும் இல்லை. அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிணத்தைத் தூக்கும்போது நான் வாட்ச்சைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். பார்த்திருக்கலாம்.

“சரி பண்ணு,” என்றான். “இன்னிக்கே வேணும். இப்பவே வேணும்.”

அன்றைக்குக் கீழ்பென்னாத்தூரில் மக்கள் கருத்துக் கேட்பு. ஆதிமூலம் தன் குவாரியை இன்னும் அகலமாக்க அனுமதி கேட்டிருந்தான். கிடைத்தால், பாறைக்கு வேட்டு வைக்கும் இடம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பின்சுவர் வரை வந்துவிடும். அதிகாரி வருவார், இரண்டு பக்கமும் பேசும், அவர் எழுதிக்கொண்டு போவார். காய்ச்சலில் படுத்துவிட்ட பலராமனுக்குப் பதிலாக நான்தான் திரையில் காட்ட வேண்டும்.

வாய் கொப்பளிக்கப் பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். அத்தை பின்னாலேயே வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், ஓடும் தண்ணீரைப் பார்த்துப் பேசினார்.

“மாப்ள, அவன் பையில கத்தி இருக்குது.”

“எதுக்கு?”

“ஆதிமூலத்துக்கு உத்தரவு கெடச்சா மண்டபத்துலயே வெட்டுவேன்றான். சொன்னா செய்வான், அவன் அப்பன் மாதிரி. எனக்கு இருந்தது ரெண்டு. ஒண்ணு மண்ணுக்குப் போச்சி. இது ஜெயிலுக்குப் போவக்கூடாது.” குழாயை மூடினார். “நான் சொன்னத மனசுல வெச்சிக்காதீங்க. அந்தப் படத்த மட்டும் நேரா நிக்க வெச்சிடுங்க.”

உள்ளே வந்தேன். மேசை மேல் மாறனின் ரெக்சின் பை இருந்தது. நகர்த்தினேன். இரும்பு மேசையில் இரும்பு இடிக்கும் சத்தம். அவன் என்னைப் பார்த்தான். நான் கணினியைப் பார்த்தேன்.

பலராமனுக்குப் போன் போட்டேன். பழைய கோப்பு இருக்கிறதா என்று கேட்டேன்.

“அதே பேர்லயே சேவ் பண்ணிட்டேன் தருமன், பழசு போயிடுச்சி,” என்றார். குரல் கம்மியிருந்தது. “என்ன ஆச்சி?”

சொன்னேன். பேசப் பேச விஷயம் புரிந்தது. அவர் வரைபடத்தைப் படமாக ஒட்டியிருக்கிறார். மேலே கிணற்றுப் படத்துக்கு இடம் வேண்டும் என்று வரைபடத்தின் தலையை மடித்து மறைத்திருக்கிறார். அப்புறம் கிணற்றுப் படத்தை வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டார். மடித்ததை விரிக்க மறந்துவிட்டார். சாதாரணமாக அதனால் ஒன்றும் இல்லை. மறைத்தது உள்ளேயே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் இழுத்து விரிக்கலாம். ஆனால் கோப்பைச் சுருக்கும்போது கணினி மறைத்த பகுதியை ஒரேயடியாக அழித்துவிடும். கண்ணுக்குத் தெரியாதது வேண்டாதது என்று அதற்கு எண்ணம். இரண்டுக்கு மேல் இருந்த எல்லாம் போய்விட்டது. இரண்டுக்கு மேல் உயரம் இருந்தது நாலாவது பட்டைக்கு மட்டும்தான்.

“அப்ப முதல்லேருந்து போடணும்,” என்றார். “எண் சொல்றேன், எழுதிக்கிறீங்களா? ரெண்டாயிரம், ஒண்ணு. ரெண்டாயிரத்து ஒண்ணு, ரெண்டு. அடுத்தது ஒண்ணு. அடுத்தது...”

“அது எனக்குத் தெரியும் சார்.”

“ஸாரி தருமன்,” என்றார். போனை வைத்துவிட்டேன்.

எக்செல் திறந்தேன். முதல் கட்டத்தில் ஒன்று. கயிறு அறுந்து பாறை மேலிருந்து விழுந்தவன். அடுத்து இரண்டு. வெடிக்காத வேட்டை மறுநாள் கடப்பாரையால் நோண்டிய அண்ணனும் தம்பியும். தம்பியின் கை வேப்பமரத்தில் கிடைத்தது. அடுத்து ஒன்று. லாரி பின்னால் வந்ததில் நசுங்கிய கிளீனர்.

நாலாவது கட்டத்தில் கர்சர் மின்னியது.

மல்லாட்டை பிடுங்க அருணா அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். வேட்டு வைப்பதற்கு முன் ஓர் ஆள் தகரத்தைத் தட்டிக்கொண்டு “வேட்டு, வேட்டு” என்று கத்தியபடி ஓட வேண்டும். அன்றைக்கு யாரும் தட்டவில்லை. கல் தேங்காய் அளவு இருக்கும். அதைத்தான் எனக்குக் காட்டினார்கள். முகத்தைக் காட்டவில்லை. முகம் இல்லை. சேலையை வைத்து, கையிலிருந்த மோதிரத்தை வைத்து, ஆமாம் என்றேன். அவள் மடியில் பிடுங்கிய கொத்து அப்படியே இருந்தது. வேரில் மண் ஈரமாக இருந்தது.

அதே வேட்டில் வரப்பில் நின்ற ஒருவர். ஜனவரியில் துளை போடும் ஆட்கள் இரண்டு பேர்.

4 என்று அடித்தேன். பட்டை எழுந்தது.

மற்ற பக்கங்களும் கெட்டுத்தான் இருந்தன. வீட்டு விரிசல்களைக் காட்டும் வட்டம் முட்டையாகி இருந்தது. உயரத்தையும் அகலத்தையும் சேர்த்துப் பூட்டாமல் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறார். நேராக்கினேன். தமிழ்த் தலைப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்திருந்தன. எழுத்துரு இல்லை. ஏற்றினேன். மாறன் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னும் ஒசத்து,” என்றான் நாலாவது பட்டையைக் காட்டி.

“நாலுதான்டா. அஞ்சு போட முடியாது.”

“அஞ்சு போடச் சொல்லல. மேல கொஞ்சம் காலியா இருக்குது பாரு. அது இருக்கக்கூடாது. உச்சியில போயி முட்டணும்.”

பக்கவாட்டு அளவுகோலின் உச்சத்தை நாலு என்று மாற்றினேன். பட்டை மேல்விளிம்பில் போய் முட்டியது. அதில் பொய் எதுவும் இல்லை.

“அப்படித்தான் மாமா,” என்றான்.

படக்காட்சியைச் சிடியில் எழுதி எடுத்துக்கொண்டேன். வண்டியில் அவன் ஓட்ட, நான் பின்னால். அத்தை பஸ்ஸில் கிளம்பியிருந்தார். ரெக்சின் பை எங்கள் இருவருக்கும் நடுவில். ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் ஏதோ ஒன்று பைக்குள்ளிருந்து என் வயிற்றைக் குத்தியது. கைப்பிடியா முனையா என்று தெரியவில்லை.

“பைய அத்தைகிட்ட குடுத்திருக்கலாம்,” என்றேன்.

“அது எங்கிட்ட இருக்கட்டும்.”

“எதுக்குனு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா கம்முனு வா. நீ உன் வேலய பாரு. உன் வேல நடந்தா எனக்கு வேல இல்ல.”

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின முகூர்த்தத்து ஜோடியின் பெயர்கள் மேடையில் தெர்மாகோல் எழுத்தில் இன்னும் ஒட்டியிருந்தன. அதற்கு முன்னால் ஒரு எட்டுமுழ வேட்டியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதுதான் திரை. புரொஜெக்டரும் கணினியும் கல்யாண வீடியோ எடுப்பவருடையவை. அவர் கொண்டுவந்திருந்த கனமான மர ஜங்ஷன் பாக்ஸில்தான் எல்லா ஒயரும் செருகியிருந்தது.

இடது பக்கம் குவாரியில் வேலை செய்கிறவர்கள். வலது பக்கம் ஊர்க்காரர்கள். நாங்கள் உள்ளே போகும்போதே சண்டை தொடங்கிவிட்டிருந்தது. “எங்க வயித்துல அடிக்க வந்துட்டீங்களா?” என்று ஒருவன் பிளாஸ்டிக் நாற்காலியை எறிந்தான். அது ஒரு கிழவரின் காதில் பட்டது. அவர் மகன் எறிந்தவனின் தலைமுடியைப் பிடித்துத் தூணில் இடித்தான். இரண்டு போலீஸ்காரர்கள் லத்தியால் காற்றில் வீசினார்கள். தூணில் கொஞ்சம் ரத்தம் இருந்தது, வாழைமரம் கட்டிய கயிற்றுக்குக் கீழே. பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

ஆதிமூலம் முன்வரிசையில் இருந்தான். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நெற்றி நிறைய விபூதி. அருணாவின் பிணத்துக்கு மாலை கொண்டுவந்து போட்டவன்.

“இன்னா தருமா,” என்றான், “பட்டை கிட்டைலாம் போட்டுனு வந்திருக்கியாமே. நெத்தியில போடறதா, வேற எதுனாவா?”

இடது பக்கம் சிரித்தது. நான் ஒயரைச் செருகினேன்.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “காட்டுங்க,” என்றார்.

காட்டினேன். கிணறு. விரிசல்கள். முட்டையாக இல்லாத வட்டம். பிறகு வரைபடம். ஒன்று, இரண்டு, ஒன்று. நாலாவது பட்டை வேட்டியின் உச்சிவரை எழுந்து, பின்னாலிருந்த தெர்மாகோல் எழுத்துகளுக்கும் மேலே போய் நின்றது. சிவப்பு. வேட்டியே சிவந்ததுபோல் இருந்தது. கீழே வருடத்தைப் போட்டிருந்தேன். அந்த வருடத்து நான்கு பெயர்களையும் நான் படித்தேன். நான்காவதாக அருணாவின் பெயரைப் படித்தபோது என் குரலில் எதுவும் மாறவில்லை. செத்துப்போன துளை ஆட்களில் ஒருவனின் மனைவி இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள், அவளும் அங்கேதான் கல் உடைக்கிறாள். அவள் ஓவென்று அழுதாள். இடது பக்கத்தில் யாரும் அவளை அதட்டவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டார். தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் மாறன் பையைக் காலடியில் வைத்திருந்தான். அப்போதுதான் வந்த அத்தை அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஆதிமூலத்தின் வக்கீல் கண்ணாயிரம் எழுந்தார்.

“சார், ஒரு ஆட்சேபணை. இது வரைபடம் இல்ல, கண்கட்டு. அளவுகோல நாலோட நிறுத்திட்டு, நாலை உச்சியில முட்ட வெச்சிருக்காங்க. ஒரே ஒருத்தர் செத்திருந்து, ஒண்ணோட நிறுத்தினா அதுவும் உச்சியிலதான் முட்டும். எங்க குவாரியில நூறு பேர் வேலை செய்யறாங்க. நூறுக்கு வெச்சி காட்டச் சொல்லுங்க. அப்ப தெரியும் எவ்ளோனு.”

“செத்ததுல ரெண்டு பேர் அங்க வேலையே செய்யல சார்,” என்றேன். “ஒருத்தர் வரப்புல நின்னவர். ஒருத்தங்க மல்லாட்டை பிடுங்கினவங்க.”

“அது அப்புறம் பேசலாம்,” என்றார் கண்ணாயிரம். “மாத்தறதுக்குப் பயமா?”

அதிகாரி என்னைப் பார்த்தார். “மாத்த முடியுமா?”

“முடியும்.”

“மாத்துங்க. ரெண்டையும் பாத்துடலாம். இல்லேன்னா இத நான் கணக்குல எடுத்துக்க முடியாது.”

அவர் கெட்டவர் இல்லை. கேட்டது நியாயம்.

பின்னால் பார்த்தேன். மாறன் பையை மடியில் எடுத்து வைத்திருந்தான். ஜிப் திறந்திருந்தது. வலது கை உள்ளே. மாற்றவில்லை என்றால் வரைபடம் செல்லாது. மாற்றினால் அவன் எழுந்துவிடுவான். அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தேன். அவன் வேட்டியைத்தான் பார்த்தான்.

அளவுகோலில் வலது கிளிக் செய்தேன். உச்சம் என்ற கட்டத்தில் நாலை அழித்தேன். நூறு என்று அடித்தேன்.

பட்டைகள் விழுந்தன. வேட்டியின் அடியில், கறை மாதிரி நான்கு கோடுகள். நாலாவது கோடு மற்றதைவிடக் கொஞ்சம் தடிமன். பின்வரிசைக்கு அதுவும் தெரிந்திருக்காது.

ஆதிமூலம்தான் முதலில் பேசினான்.

“இத்துக்கா இம்மாம் பெரிய வேட்டி கட்டினீங்க? தொடச்சா பூடும்போலிருக்குதே.”

எழுந்தான். தோளில் இருந்த துண்டை எடுத்தான். வேட்டிக்கு முன்னால் போய், குனிந்து, நாலாவது கோட்டின் மேல் துண்டால் துடைத்தான். எச்சில் தொட்டு இன்னொரு முறை துடைத்தான். கோடு அவன் கையின் மேல் விழுந்தது, துண்டின் மேல் விழுந்தது. “போவ மாட்டேன்றாளே,” என்றான்.

இடது பக்கம் சிரித்தது.

பின்னால் நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. யாருடையது என்று எனக்குத் தெரியும். அவன் வந்து சேர மண்டபத்தின் நீளம் இருந்தது. எனக்கு ஆறடி தூரம்தான்.

ஜங்ஷன் பாக்ஸின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். ஒயர்கள் பிய்ந்துகொண்டு வந்தன. புரொஜெக்டர் அணைந்தது. வேட்டி வெறும் வேட்டியானது. ஆதிமூலம் திரும்பினான், சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. பாக்ஸின் விளிம்பால் அந்தச் சிரிப்பின் மேல் அடித்தேன். பல் உடைவது கையில் தெரிந்தது. அவன் திரை வேட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். வேட்டி அவன் மேல் விழுந்தது. வேட்டியின் மேலேயே அடித்தேன். எங்கே தலை எங்கே தோள் என்று தெரியவில்லை. வேட்டியில் சிவப்பு ஊறி வந்தது. மறுபடி அந்த இடத்தில் அடித்தேன். என் விரல் ஒன்று கைப்பிடிக்கும் மரத்துக்கும் நடுவில் சிக்கி ஒடிந்தது. அந்தக் கையாலேயே அடித்தேன். நான் ஏதோ கத்திக்கொண்டிருந்தேன். “வேட்டு, வேட்டு” என்று கத்தினேன் என்று அப்புறம் சொன்னார்கள்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் என் இடுப்பைச் சுற்றின.

“வேணாம் மாமா. செத்துடுவான் மாமா. உடு. உடு மாமா.”

மாறன். இரண்டு கைகளும் என் இடுப்பில். கையில் ஒன்றும் இல்லை. என்னைத் தூக்கிப் பின்னால் எறிந்தான். நாங்கள் இருவரும் நாற்காலிகள் மேல் விழுந்தோம். அவன் என் மேல் படுத்துக்கொண்டான். லத்தி முதலில் அவன் முதுகில்தான் விழுந்தது. கால்களுக்கு நடுவே கடைசி வரிசை தெரிந்தது. அத்தை ரெக்சின் பையை நாற்காலியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தார். கூட்டமே எழுந்து நின்றபோது அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

ஸ்டேஷனில் என்னை நன்றாக அடித்தார்கள். பாதத்தில், முழங்காலில், காதில். ஆதிமூலத்துக்கு வேண்டிய ஏட்டு ஒருவர் என் ஒடிந்த விரலைப் பிடித்துப் பேசினார். கத்தினேன். அருணா போன பிறகு நான் கத்தியது அன்றைக்குத்தான். மண்டபத்தில் ஒருமுறை, இங்கே ஒருமுறை.

சாயங்காலம் மாறனும் அத்தையும் வந்தார்கள். அத்தை தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்திருந்தார். என் வலது கை வீங்கி, பிடிக்க முடியாமல் இருந்தது. கம்பிக்கு நடுவே கையை விட்டு அவரே உருட்டி ஊட்டினார். ஊட்டிக்கொண்டே திட்டினார்.

“இவன் செய்வான்னு உங்ககிட்ட சொன்னா, நீங்களே செஞ்சிட்டீங்க. யார நம்பி யார்கிட்ட சொல்றது? வாயத் தொறங்க. மெல்ல.”

“அவன் இருக்கானா?” என்று கேட்டேன்.

“இருக்கான்,” என்றான் மாறன். “தாடை போச்சி. பல்லு போச்சி. ஒரு மாசத்துக்குக் கஞ்சிதானாம். கூட்டத்த அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டாரு அதிகாரி. உத்தரவு இல்ல. இல்லன்னும் சொல்லல.”

“என்ன எப்ப கொண்டுபோறாங்க?”

“காலைல ஜட்ஜ் வீட்டுக்கு. அங்கேருந்து வேலூர் ஜெயிலாம்.” கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். “மாமா, பலராமன் சாருக்குப் போன் பண்ணேன். அடுத்த கூட்டத்துல நான்தான் காட்டணும்னாரு. அவர் வந்தா ஆதிமூலத்தாளுங்க வெளியூர்க்காரன்னு கத்துவாங்களாம். எனக்கு அந்த மவுஸ புடிக்கவே தெரியாது.”

“கடைக்கு இன்னொரு சாவி வீட்ல இருக்குது. போயி உக்காரு. ரெண்டு நாள்ல வந்துடும்.”

“மெயில்ல வாங்கணுமா?”

“வேணாம். கடைல இருக்கிறதே சரியானதுதான். சிடியில போட்டு எடுத்துனு போ. எவன் சொன்னாலும் சுருக்காத.”

“சரி. மறுபடியும் நூறுக்கு மாத்தச் சொன்னா?”

“மாத்து.”

“மாத்திட்டு?”

“உக்காந்துக்க. வக்கீல் பேசுவான், பேசட்டும். அந்த நூறு பேர்ல மல்லாட்டை பிடுங்கினவ எங்க இருக்கான்னு கேளு. கேட்டுட்டு உக்காந்துக்க. எவன் தொடச்சாலும் எழுந்துக்காத.”

“நீ மட்டும் எழுந்த.”

“நீ எழுந்ததாலதான் எழுந்தேன்.”

அத்தை கையை நிறுத்தி எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு அடுத்த உருண்டையைப் பிடித்தார்.

“எப்படி மாத்தறது, சொல்லு,” என்றான் மாறன்.

“பக்கத்துல எண்ணுங்க நிக்கும் இல்ல, அதுமேல அம்ப வெச்சி, மவுஸுல வலது பக்கம் அழுத்து. ஒரு பொட்டி வரும். அதுல மேல நாலஞ்சி பேரு இருக்கும். ஸ்கேல்னு இருக்கிறத அழுத்து. மேக்ஸிமம்னு இருக்கும். அங்க எண்ண அடி.”

“வலது பக்கம். ஸ்கேல். மினிமம்.”

“மேக்ஸிமம்.”

“மேக்ஸிமம்.”

நேரமாகிவிட்டது என்று போலீஸ்காரர் வந்து சொன்னார். அத்தை தூக்குச் சட்டியை மூடினார். மாறன் வாசலுக்குப் போகும்வரை விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டே போனான். வலது பக்கம், பொட்டி, ஸ்கேல். வாசலில் நின்றான். மறந்துவிட்டான். திரும்பினான்.

“மேக்ஸிமம்டா,” என்று உள்ளிருந்து கத்தினேன்.